மூன்று எழுத்து ஃபோல்டர்

காலை மெட்ரோ வண்ணாரப்பேட்டையை விட்டுக் கிளம்பியதும், என் எதிரே நின்ற பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: "மூணு எழுத்தால என் வேலை போவப் பாக்குதுக்கா."

"இன்னாடி சொல்ற?"

கன்டெய்னர் யார்டு ஆபீசில் அவள் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள்.

"கன்டெய்னர் ஃபோட்டோவெல்லாம் போட, 'கான்'னு ஒரு ஃபோல்டர் தொறக்கச் சொன்னாரு மேனேஜரு. நானும் இங்கிலீஷ்ல சி, ஓ, என்-னு மூணு எழுத்த அடிச்சிகினே கீறேன், கம்ப்யூட்டரு ஒத்துக்கவே இல்ல. ஃபோல்டர் போடக்கூடத் தெரில, வாசல் கேட்டுல போயி லாரி நம்பர் எழுதுன்னுட்டாரு."

"அழுதியா?"

"அழுதேன். அப்பறம் தேடிப் படிச்சேன். விண்டோஸுக்கு முன்னாடி கம்ப்யூட்டர ஓட்டிகினு டாஸ்னு ஒண்ணு இருந்துச்சே, அதுல கீபோர்டுக்கும் ஸ்கிரீனுக்கும் வெச்ச பேரே 'கான்'தானாம். டாஸும் தனக்கு முன்னாடி இருந்த சிஸ்டத்தப் பாத்து வெச்ச பேராம். பழைய புரோகிராமுங்கோ நின்னுடக் கூடாதுன்னு, விண்டோஸும் அந்தப் பேர வேற எதுக்கும் வுடாம வெச்சிகினு கீது."

"இத்த சொன்னா நம்புவாரா?"

"நம்ப வாணாம்."

திருவொற்றியூர் வந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவரையே அடிச்சுப் பாக்கச் சொல்லப் போறேன். அவரு அடிக்கசொல்லோ, நான் என் சீட்ல போயி குந்திக்குவேன்."