ஞாயிறுதோறும் போன் கழுவுகிறவன்

என் கையெழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கும், மேடம். பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். பவர் சீட்டு எழுதி எழுதி, ஒரு மனிதனின் இரண்டு கண்களையும் ஒரு விரல் அகலத்துக்குள் அடக்கிவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. வாசிக்கச் சிரமமாக இருந்தால் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வருவதுதான். நீங்கள் தாண்டிவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை.

நடந்ததை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும், நான் அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு மின்னஞ்சலைத் திறந்தால், எத்தனை மணிக்குத் திறந்தோம் என்பதுகூட அனுப்பியவருக்குத் தெரிந்துவிடலாம். காகிதத்துக்கு அந்தக் கெட்ட புத்தி கிடையாது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். என் தங்கைக்கு உங்கள் செயற்கைப் பல் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை கொடுத்தீர்கள். பதினோரு வருடமாக இங்கே ஒரு குறுகலான பட்டறையில் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்துகொண்டிருக்கிறவள் அவள். கொடுத்த வேலையை அவள் வேண்டாம் என்று சொன்னதாக உங்கள் கணினியில் பதிவாகியிருக்கிறது. அதைச் செய்தது அவள் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கும், வெள்ளிக்கிழமைவரை பொறுப்போம் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே எழுதுகிறேன். ஆனால் மொட்டையாகச் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு மூலம் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை, உட்கார்ந்து செய்கிற வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், நடுவில் ஓட்டை போட்ட மெத்தை ஒன்று எங்கே கிடைக்கும் என்று போனில் தேடினேன். ஒரே ஒரு தடவை. மறுநாள் ஒரு தலைமையாசிரியை கடைக்கு வந்தார். புதிதாக வந்த பிரேம்களின் படங்களை அவருக்கு என் போனில் ஒரு இணையதளத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது படத்துக்கும் ஐந்தாவது படத்துக்கும் நடுவில் அந்த மெத்தை வந்து நின்றது. வலியில் முகம் சுளிக்கிற ஆள் ஒருவரின் படமும், 'உட்கார முடியவில்லையா?' என்ற கேள்வியும். அந்த அம்மாள் மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் ஸ்டூலைப் பார்த்தார். "நின்னுக்கிட்டே காட்டுங்க தம்பி, பரவாயில்ல" என்றார். என் மானம் கப்பலேறியது.

அன்றிலிருந்து நான் தூங்கிக் கிடக்கவில்லை. எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் பின்பக்கத்தைப் பற்றிக் குறிப்பெடுக்கிறான் என்றால் சும்மா விட முடியுமா? கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தளமும் நம் போனில் விட்டுவைத்துப் போகிற குக்கீகளை அழிப்பது, விளம்பரக்காரர்கள் நம்மை அடையாளம் வைத்துக்கொள்கிற எண்ணை நீக்குவது, டார்ச் அடிக்கிற செயலிக்கு நம் தொடர்பு எண்கள் எதற்கு என்று கேட்டுப் பிடுங்குவது, இருப்பிடத்தை அணைத்து வைப்பது, பின்தொடர்கிறவர்களைத் தடுக்கிற உலாவியைப் போட்டுக்கொள்வது. இன்காக்னிட்டோ என்கிற மறைநிலைத் தாவலில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. வீட்டில் போனை வாங்கிப் பார்க்கிறவருக்குத்தான் தெரியாது, நாம் போய்ப் பார்க்கிற தளத்துக்கு நன்றாகவே தெரியும். இதை மட்டும் என் கடைக்கு வந்த எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் தெரியுமா? கண்ணைச் சோதிக்க வந்தவர்கள் போனைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.

பிறகு வீட்டைப் பார்த்தேன். என் வீட்டில் நான், என் மனைவி, என் தங்கை. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். தங்கைக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா அம்மா போனபிறகு அவளைப் படிக்கவைத்தது நான். மனைவியும் தங்கையும் தங்கள் போன்களை வாசற்கதவைத் திறந்து போட்டதுபோல வைத்திருந்தார்கள். யார் எதைக் கேட்டாலும் 'சம்மதம்' என்று அழுத்திவிடுவார்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, டீ குடித்ததும், எல்லாப் போனும் எவர்சில்வர் வடிதட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். பூட்டு எண்களை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அதைப் போன் கழுவுவது என்று தங்கை கிண்டல் செய்வாள். "அண்ணா, என் போனுக்குச் சோப்புக் கொஞ்சம் கூடவே போடு" என்பாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து, போன வாரம் என்னென்ன பார்த்திருக்கிறார்கள் என்று வாசித்து, பிறகு அழிப்பேன்.

ஒரு தடவை அவள் கேட்டாள்: "பார்க்காமலே மொத்தமா அழிக்கலாமேண்ணா. ஒரே பட்டன்தானே?"

"பார்க்காம அழிச்சா, என்னத்த அழிச்சோம்னு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

அழித்ததை மறந்துவிடக் கூடாது என்று ஒரு நோட்டும் போட்டேன். காகித நோட்டு. யாராலும் ஊடுருவ முடியாது. தேதி, நேரம், யார், என்ன தேடினார்கள், எத்தனை தடவை. எல்லாம் அவர்கள் நன்மைக்கு. உதாரணமாக, என் மனைவி முழங்கால் வலி என்று இரண்டு முறை தேடியிருந்தாள். அன்று சாயங்காலமே தைலம் வாங்கிக்கொண்டு போய்க் கையில் கொடுத்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நான் உங்ககிட்ட வலின்னு சொல்லவே இல்லையே" என்று வெகுநேரம் தைலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம்.

அதற்குப் பிறகு அவள் தேடல்கள் இன்னும் தெளிவாக வர ஆரம்பித்தன. 'கணவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாமல் இருக்க வழி.' நான் துண்டைக் கொடியில் போட ஆரம்பித்தேன். 'கணவர் சாப்பிடும்போது சத்தம் வராமல் மெல்ல என்ன செய்யலாம்.' மெதுவாக மென்றேன். 'மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தால் முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொள்ளும் ஆண்கள்.' அடுத்த தடவை மச்சான் வந்தபோது நானே போய்ப் பையை வாங்கி உள்ளே வைத்தேன். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவள் மனசை நான் இவ்வளவு துல்லியமாக அறிந்ததே இல்லை. நோட்டு இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

தங்கைதான் எனக்குக் கவலை தந்தாள். கள்ளப் பூனை மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அவள் நல்ல பெண். ஆனால் ஆறு மாதமாக அவள் போனில் எதுவுமே இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் துடைத்து வைத்த கண்ணாடிபோல இருக்கும். மறைநிலைத் தாவலைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதை என்னிடமே காட்டுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. என் நோட்டில் மனைவிக்கு நாற்பது பக்கம் ஓடியிருந்தது, தங்கைக்கு வெறும் தேதிகள். ஒன்றும் இல்லாத இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. அதனால் அவள் மின்னஞ்சலுக்குள் போனேன். நாம் திறக்கிற நேரத்தை அனுப்பியவருக்குச் சொல்லிவிடுகிற பொடிப் படங்கள் ஏதாவது அதில் ஒளிந்திருந்தால் எடுத்துவிடலாம் என்றுதான் போனேன்.

உங்கள் கடிதம் அங்கே இருந்தது, மேடம்.

நல்ல கடிதம். அவள் செய்த பற்களைப் பற்றி இரண்டு வரி பாராட்டி எழுதியிருந்தீர்கள். அந்தப் பற்களை எனக்கு யாரும் காட்டியதே இல்லை. ஏழு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும், அதில் இரண்டு நாள் ஏற்கெனவே போயிருந்தது. பணியிடம் இங்கிருந்து ரயிலில் பதினெட்டு மணி நேரம். கீழே இரண்டு பொத்தான்கள், ஏற்கிறேன், நிராகரிக்கிறேன்.

நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அழுத்திவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. நிதானமாக வாசித்தேன். உங்கள் வருகைப் பதிவுச் செயலி வேலை நேரம் முழுக்க ஊழியரின் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஒன்பதாவது பத்தியில் போட்டிருக்கிறீர்கள். ரத்த வகை கேட்கிறீர்கள். கைரேகை கேட்கிறீர்கள். கட்டுப் பல் செய்கிற இடத்தில் ஒரு பெண் பாத்ரூம் போனால்கூட உங்களுக்குத் தெரியும்போல. என் தங்கையை அப்படி ஒரு கண்காணிப்புக்குள் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளிப்பாள். நாற்பது நிமிடம் ஆகும். பத்து இருபதுக்கு நான் 'நிராகரிக்கிறேன்' என்பதை அழுத்தினேன். பிறகு உங்கள் கடிதத்தையும், 'வருந்துகிறோம்' என்று உடனே வந்த பதிலையும் அழித்தேன். போனை வடிதட்டில் வைத்துவிட்டு, கடைக்கு எடுத்துப்போகிற பையை அடுக்கினேன்.

அவள் மறுநாள் தன் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஏற்றுக்கொள்வதாக இருந்திருக்கிறாள். திறந்து பார்த்தால் கடிதம் இல்லை. நீங்கள்தான் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள் என்று நினைத்துக்கொண்டாள். உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்க அவளுக்குக் கூச்சம். பதினோரு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டறையில் ஒருவருக்குக் கீழ்வரிசைப் பல்லை மேல்வரிசைக்குச் செய்துவிட்டாள், அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டு, "எனக்குத் தகுதி இல்லபோலண்ணா" என்று அழுதாள். நான் தலையைத் தடவி, உன் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை, விட்டுத்தள்ளு என்றேன். அவளுக்கு அப்போது நான் இருந்தது பெரிய ஆறுதல். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் மனம் பொறுக்காமல் உங்களைக் கூப்பிட்டுவிட்டாள். நீங்கள் தேதியும் நேரமும் சொல்லியிருக்கிறீர்கள். இவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறீர்களே என்று எனக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது.

நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் சத்தம் போடவில்லை. "ஞாயித்துக்கிழமை பத்து இருபதுக்கு நான் குளிச்சிட்டு இருந்தேன். போன் உன் கையில இருந்துச்சு" என்றாள்.

பழக்க தோஷம் என்று சொன்னேன். எந்தத் தளம் எதைக் கேட்டாலும் நிராகரிக்கிற கை, தன்னாலே அழுத்தியிருக்கும் என்றேன். நியாயமான விளக்கம்தான்.

"வேண்டாம்னு சொன்னா காரணம் எழுதணும்னு ஒரு கட்டம் இருந்துச்சாம். அதுல 'குடும்பச் சூழ்நிலை'ன்னு டைப் பண்ணதும் பழக்கமாண்ணா?"

என் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். அந்த மெஷின் நின்றால் எங்கள் வீட்டில் வேறு சத்தமே இருக்காது. மனைவி எழுந்துபோய் என் அலமாரியிலிருந்து நோட்டைக் கொண்டுவந்து தங்கை கையில் கொடுத்தாள். மனைவிக்கு அது இருக்கிற இடம் ரொம்ப நாளாகவே தெரியுமாம். துண்டு விவகாரத்திலிருந்தே தெரியுமாம். தங்கை நோட்டைப் பிரிக்கவில்லை. அண்ணியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே போன் பூட்டு எண்ணை மாற்றினாள்.

ஆகவே, மேடம், தெளிவாகவே எழுதிவிடுகிறேன். உங்கள் வேலையை வேண்டாம் என்று சொன்னது நான். கை தவறவில்லை. காரணத்தை இரண்டு முறை எழுதி அழித்து, மூன்றாவதாக அதைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் எழுதியது 'அவள் போய்விட்டால் வீட்டில் எனக்குப் பயமாக இருக்கும்' என்பது. அலுவலகக் கடிதத்துக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. வேலையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. எதையும் மறைக்கக் கூடாது என்று சொன்னீர்கள். அவள் பூட்டை மாற்றுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் போனில் தெரிகிறமாதிரி செய்து வைத்தேன். பயப்பட வேண்டாம், விளம்பரக்காரன், கடைக்காரன், டார்ச் செயலி எல்லோரையும் வெளியேற்றிவிட்டேன். நான் ஒருவன்தான். இப்போது அவள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை அவள்தான் உங்களுக்குத் தபாலில் சேர்க்கப் போகிறாள். வேண்டுமானால் வாசித்துப் பார் என்று நானே சொன்னேன். "அது உனக்கும் அவங்களுக்கும் நடுவுல. நான் பிரிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பசையை எடுத்து வைத்திருக்கிறாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றே பார்க்காமல் ஒட்டிவிடுவாள். இவ்வளவு வெகுளியான பெண்ணை எந்த அண்ணன்தான், மேடம், கண்பார்வையில் வைக்காமல் அனுப்புவான்?