ஞானப்பூவின் கறைத்துணி

ரொம்பக் காலத்துக்கு முந்தி, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துல, நம்ம கருக்குவிளை பத்துப் பதினஞ்சு ஓலைவீடா இருந்துச்சாம். அங்க ஞானப்பூன்னு ஒருத்தி. எங்க தாத்தாவுக்குப் பெரியம்மா முறை. வேதக்கோயிலைப் பெருக்கி, மணியடிச்சு, பீடத்துத் துணிய வெளுத்துப் போடுறது அவ வேலை.

ஒரு ஐப்பசியில புயல் அடிச்சுதாம். கூரையெல்லாம் பறந்துட்டு. சனமெல்லாம் கோயிலுக்குள்ள. அதுல ஒரு நிறைமாசக்காரிக்கு அங்கயே வலி வந்துட்டு. எல்லார் துணியும் சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு. காஞ்ச துணின்னா பீடத்துல விரிச்சது ஒண்ணுதான். ஞானப்பூ யோசிக்கவே இல்லியாம். உருவிட்டா. அதுலதான் பிள்ளைய ஏந்துனா. பிள்ளை பொழைச்சுது. தாய் பொழைக்கல.

மறுநாள் சபைப் பெரியவரு வந்து பாத்தாரு. "ஏட்டி, பரிசுத்தமான துணியில ரத்தத்தையா ஆக்கி வச்சிருக்க? கறை போகட்டும், பொறவு நீ திருவிருந்துக்கு வா"ன்னு கத்துனாராம். கோவத்துல சொன்னது. அடுத்த வாரமே அவரு மறந்துட்டாரு. பாவி மக, இவ மறக்கல.

வெளுத்தா. உவர்மண்ணு போட்டு வெளுத்தா. சாம்பத்தண்ணியில அவிச்சு வெளுத்தா. எலுமிச்சையத் தேச்சு வெளுத்தா. துணிதான் நைஞ்சுது, கறை போகல. மூணு மாசத்துக்கொருக்க குருவானவரு வண்டி கட்டி வருவாரு, திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் குடுக்க. இவ மணியடிப்பா. எல்லாரும் உள்ள போவாவ. இவ படிக்கட்டுல இருந்துக்கிடுவா. "உள்ள வாட்டி ஞானப்பூ"ன்னு கூப்பிட்டா, "கறை இன்னும் போகல்லியே"ம்பாளாம். அதே பெரியவரே வந்து, "நான் சும்மா சொன்னேன் தாயி, வா"ன்னு கெஞ்சுனாராம். "நீங்க சொன்னது சரிதான்யா"ன்னுட்டா. என்ன செய்ய அவள? இப்படியே பதினோரு வருசம்.

கடைசியில காய்ச்சல்ல விழுந்துட்டா. அப்போ புதுசா ஒரு குருவானவரு வந்திருந்தாரு. விசயத்தைக் கேட்டாரு. கொடியில கெடந்த அந்தத் துணிய எடுத்துட்டு வந்து, அவ கட்டில்லயே விரிச்சு, அது மேலயே அப்பத்தையும் கிண்ணத்தையும் வச்சாராம்.

"ஐயோ, அதுல வைக்காதிய! அது சுத்தமில்ல!"

"உன்னால வெளுக்க முடியல. என்னாலயும் முடியாதும்மா. சுத்தமாக்குறது ஆண்டவரு வேலை. அவரு நம்மள வெளுத்துட்டு வரச் சொல்லலியே. வாயைத் தெற."

வாங்குனாளான்னு கேப்பிய. வாங்கிட்டான்னு சொல்லுதவியளும் உண்டு. எங்க வீட்டுல சொல்லுறது வேற. அவ கண்ணுல தண்ணியா ஓடுச்சாம், வாய் தெறக்கல. குருவானவரு அப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு, அவ மூச்சு நிக்கிற வரைக்கும் நின்னாராம்.

அதுலருந்துதான் நம்ம ஊர்ல இந்த வழக்கம். திருவிருந்து அன்னைக்கு அந்தக் கறைத்துணிதான் பீடத்துல. ஆராதனை முடிஞ்சதும், 'நான் லாயக்கில்ல'ன்னு வீட்டுல இருந்துட்டவிய வாசலுக்கு, அந்தத் துணியோட அப்பத்தைக் கொண்டுட்டுப் போயி நிப்போம். சிலபேரு கதவத் தெறப்பாவ. தெறக்காட்டி? நிப்போம். அவ்வளவுதான் நம்மால முடியும்.