இறைக்காத குளம்

அதிகாலை மூன்றரை மணி. மந்தாரக்குப்பத்தைத் தாண்டி, நிலக்கரிச் சுரங்கத்து மண்மேட்டை ஒட்டி ஒரு செம்மண் ரோடு போகும். லைட் கிடையாது, வீடு கிடையாது. அதன் முடிவில் ஒரு மீன் குளம்... கரையில் ஒரு தகரக் கொட்டகை. சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். செங்குட்டுவா, அந்த ஜன்னலைச் சாத்து. குளிர்கிறது.

எனக்கு நடந்ததில்லை இது. என்கூட ஷிஃப்ட் பார்க்கும் சைமன்ராஜ் இருக்கிறானே, அவன் தங்கை செசிலியாவின் வீட்டுக்காரர் லூர்துசாமிக்கு நடந்தது. காண்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு அந்தக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். கட்லா, ரோகு மீன்குஞ்சு விட்டிருந்தார். பெர்மனென்ட் ஆகாத வேலைக்கு மீனே மேல் என்று நம்பிய மனுஷன். பாவம்.

2015 கார்த்திகையில் பெய்த மழை உங்களுக்கே தெரியும். ஒரு ராத்திரி குளத்தின் கரை உடையப் பார்த்தது. காவல்காரர் சிங்காரவேல் மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்... மூட்டை கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. வெள்ளம் வெளியே அடித்துக்கொண்டு போனதா, குளத்துச் சேற்றுக்குள்ளேயே அமுக்கியதா, யாருக்கும் தெரியாது.

அவர் மனைவி செல்லக்கிளி தினமும் வந்து கரையில் நிற்பாள்.

"அண்ணே, ஒரே ஒரு வாட்டி கொளத்த எறச்சிடுங்க. எலும்பாவது கெடைக்கட்டும். இந்தத் தாலிய வெச்சிக்கிறதா, கழட்டுறதா... நீங்களே சொல்லுங்கண்ணே."

லூர்துசாமி கெட்டவர் இல்லை. ஆனால் இறைத்தால் மீன் போச்சு. கால் கிலோகூடத் தேறாத மீனை எவன் வாங்குவான்? "கொஞ்சம் பொறும்மா, மீனு வளரட்டும்" என்றே நாளைக் கடத்தினார்.

தை பிறந்ததும் மீன்கள்மேல் சிவப்புப் புண். முதலில் காசளவு... பிறகு உள்சதை தெரியுமளவு. பார்க்க வந்த மீன்வளத்துறை அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளத்துல வந்த காட்டு மீனு கொண்டாந்த நோய்ங்க இது. மழை வுட்டதுமே தண்ணிய எறச்சி, தரை வெடிக்கக் காயப்போட்டு, சுண்ணாம்பு அடிச்சிருக்கணும்." செல்லக்கிளி கெஞ்சியதும் குளத்தை இறைக்கச் சொல்லித்தான், பாருங்கள்.

புண் இல்லாத மீனையாவது பிடித்துவிடலாம் என்றால் தைப்பூசம் குறுக்கே வந்தது. பூசத்துக்கு வடலூர்ப் பக்கம் மீன் கடை திறக்க மாட்டார்கள். மறுநாள் விடியலில் வலை போடுவதாகப் பேச்சு. செல்லக்கிளியிடமும் சொல்லிவிட்டார். "நாளைக்கு மீனப் புடிச்ச கையோட எறச்சிடுறேன்மா." அந்த ஒரே ஒரு ராத்திரி மீன் உயிரோடு இருந்தால் போதும்.

அன்று பகல் முழுக்க மூட்டம். வெயில் காணாத குளத்தில் காற்று குறைந்துபோகும். விடியற்காலையில் மீனுக்கு மூச்சு முட்டும். அதனால் தண்ணீரை அடித்துக் கலக்கும் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொட்டகையிலேயே படுத்தார்.

மூன்றரைக்கு முழிப்பு வந்தது. மோட்டார் சத்தம் இல்லை. கரண்ட் போயிருந்தது. தூரத்தில் அனல்மின் நிலையம் ஜெகஜோதியாக எரிகிறது... இங்கே பூசத்து நிலாகூட மூட்டத்தில் மறைந்து கும்மிருட்டு. குளம் முழுக்க ஒரு சத்தம். ப்ச்... ப்ச்... ப்ச். ஆயிரக்கணக்கான வாய். மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். கரண்ட் இல்லாவிட்டால் அதுதான் வழி, தண்ணீரை அடித்து அடித்துக் காற்றைக் கலக்க வேண்டும். தப்... தப்... தப். உடம்பு விறைக்கிறது. மாதாவே, மாதாவே என்று அடித்தார்.

எதிர்க்கரையில் இன்னொரு சத்தம். தப்... தப்.

"மச்சான்?... நீயா?"

அடி மட்டும் நிற்கவில்லை. சைமன்ராஜ்தான் வேலையிலிருந்து ஓடி வந்துவிட்டான் என்று நினைத்து மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். இரண்டு பேருமாக அடித்தார்கள். அந்தச் சத்தம் கிட்டே வந்தது... இன்னும் கிட்டே. ஊறிப்போன சாக்கு நாற்றம். கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அதே நொடியில் மீன்களின் வாய்ச் சத்தமும் நின்றது. மொத்தமாக.

சட்டைப் பையிலிருந்த செல்போனில் வெளிச்சம் போட்டார். ஆள் இல்லை. கரையிலிருந்து கரைவரை வெள்ளை வெள்ளையாக வயிறு. ஒன்றுகூட மிச்சமில்லை.

சைமன்ராஜ் நைட் ஷிஃப்ட் முடிந்து ஆறரைக்குத்தான் வந்தான். அன்றைக்கே டீசல் எஞ்சின் வைத்துக் குளத்தை இறைத்தார்கள். இனிமேல் எதற்காகத் தள்ளிப்போடுவது? சாயங்காலம் சேறு தெரிந்தது. எலும்பு இல்லை. கிழிந்த துணிகூட இல்லை. ஆனால் சேறு முழுக்கக் காலடி. வெறுங்கால். லூர்துசாமி இறங்கிய தடம் கரையோரம் தனியாகத் தெரிந்தது. இது வேறு... சுற்றிச் சுற்றி, குளம் பூராவும். கரை ஏறியதாக ஒரு தடமும் இல்லை.

செல்லக்கிளி அழவில்லை. "நடந்துகினே இருந்துருக்காரு... ரெண்டு மாசமா... வழி தெரியாம நடந்துகினே இருந்துருக்காரு" என்றாள். தாலியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை.

அந்தக் காலடிகள் எல்லாம் ஓரிடத்தில் போய் முடிந்தன. அங்கே இரண்டு குழி. முழங்கால் ஆழம். ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றால் விழும் குழி. விரல் தடங்கள் கொட்டகைப் பக்கம் திரும்பியிருந்தன.

பிறகு சித்திரை. வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்தது. லூர்துசாமி சுண்ணாம்பும் அடித்தார். அந்த இரண்டு குழியில் மட்டும் தண்ணீர். தினமும் சாயங்காலம் குவளையால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றிவிட்டு வருவார். விடிந்து போய்ப் பார்த்தால்... நிறைந்திருக்கும். இப்போதுதான் யாரோ காலை எடுத்ததுபோல, இன்னும் கலங்கியபடி.