பதின்மூன்றாவது பெயர்

— பித்தளைத் தகடு இருக்கு, மரப்பலகையும் இருக்கும்மா. ஆனா விருதுத் தகட்டுல ஒரு ஆராய்ச்சி நிலையத்தோட பேரை வெட்டணும்னா அவங்க லெட்டர் வேணும். நம்ம கடையில அது வழக்கம்.

— லெட்டர் இல்லைங்க. அவங்க கொடுக்கல, நான் கொடுக்கிறேன். ஞாயித்துக்கிழமை, எங்க அப்பாவுக்கு.

— அப்ப 'மகளின் அன்புப் பரிசு'ன்னு போட்டுக்கலாமே. ஓரத்துல பூ டிசைன்கூட போட்டுத் தர்றேன்.

— பூவை நீங்களே வெச்சுக்கங்க. நான் எழுதிட்டு வந்திருக்கிற இங்கிலீஷ் அப்படியே வரணும். அதுல கன்ஃபர்னு ஒரு சொல் இருக்கு, அது மாறவே கூடாது.

— அது வருஷா வருஷம் வெட்டுற சொல்லு, கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன். அர்த்தம் கேட்டாத்தான் முழிப்பேன்.

— எங்க வீட்ல சோத்தைவிட அதைத்தான் அதிகம் பரிமாறினாங்க. அப்பா அந்த ஆராய்ச்சி நிலையத்துல டைப்பிஸ்ட். யாருக்கு விருதுன்னாலும் வாசகம் அவர்தான் அடிப்பார். 'கொடுக்கிறதுன்னா குடையைக்கூடக் கொடுக்கலாம். கன்ஃபர்னா, மேல இருக்கிறவன் எந்திரிச்சு நின்னு, சபை பார்க்க உனக்குத் தர்றது. நீயா கேட்டு வாங்கினா அந்தச் சொல்லைப் போடக் கூடாது'ம்பார்.

— அப்ப ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நிக்கப் போறது யாரு?

— என் வீட்டுக்காரர். கல்யாணக் கோட்டு இருக்கு, பொத்தான்தான் எட்டாது. நிலையத்தோட இயக்குநர்னு சொல்லிக்குவார். அப்பாவுக்கு இப்ப முகம் பிடிபடறதில்ல. எழுத்து மட்டும் பிடிபடுது. அதான் எனக்குப் பயமே.

— பொய்யில்லையாம்மா அது?

— பொய்தான். முப்பத்தோரு வருஷம் ஊரார் பேரையெல்லாம் அடிச்சுக் கொடுத்தவரை, ஓய்வுக்கு ஆறு மாசம் இருக்கிறப்போ, கம்ப்யூட்டர் வந்துடுச்சு, நாளையிலேருந்து வராதேன்னு அனுப்பினாங்க. ஒரு வாய் டீ வாங்கித் தரல. இப்ப படுத்த படுக்கையா கெடந்துக்கிட்டு, சட்டையைத் தேய்ச்சு வை, சட்டையைத் தேய்ச்சு வைன்னு உயிரை எடுக்கிறார். விழாவாம்.

— சரி, தாளைக் கொடுங்க.

— இந்தாங்க. பேரு மட்டும் பெரிய எழுத்துல.

— ம்.

— ஏன் கண்ணாடியைக் கழட்டிட்டீங்க? என் கையெழுத்து புரியலையா?

— புரியுது. மெலிசா இருப்பாரா? காதுல ஒரு பென்சிலோட?

— ஆமா. அவரை உங்களுக்குத் தெரியுமா?

— நிலையத்துலேருந்து விருது லெட்டரைக் கொண்டு வர்றவர். நீங்க உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல்லதான் உட்காருவார். சார்னு கூப்பிடுவேன். பேரு என்னன்னு கேட்கத் தோணினதே இல்ல.

— யாருக்குத்தான் தோணுச்சு.

— புதுசா வெட்டவே வேண்டாம்மா. அந்த ரேக்குக்கு அடியில, பழைய துணியை விலக்கிப் பாருங்க.

— இது அப்பா பேரு. நிலையத்தோட முத்திரை, தேதி எல்லாம் இருக்கு. அப்ப அவங்க கொடுக்கத்தான் இருந்தாங்களா? பேருக்குக் கீழ மட்டும் ஏன் காலியா கெடக்கு?

— எப்பவும் லெட்டர்ல பன்னிரண்டு பேர்தான் வரும். அந்த வருஷம் பதிமூணு. பன்னிரண்டு பேருக்கும் பக்கத்துல பதவி இருந்துச்சு. கடைசிப் பேருக்கு மட்டும் இல்ல.

— தன் பேரை அவரே டைப் அடிச்சுச் சேர்த்துக்கிட்டாரா.

— கீழ கையெழுத்துப் போடுறவங்க எங்க படிச்சுப் பார்க்கிறாங்கம்மா.

— கம்ப்யூட்டர்னு சொன்னாரே. அம்மா சாகிறவரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரைத்தான் திட்டிக்கிட்டிருந்தாங்க.

— கம்ப்யூட்டர் அப்புறம்தான் வந்துச்சு.

— பன்னிரண்டோட ஒண்ணா இதுவும் மேடை ஏறியிருக்கும். கூப்பிட்டுக் கொடுத்துட்டுப் போயிருப்பாங்க. யாருக்கு என்ன நஷ்டம்? எந்தப் புண்ணியவான் போய்ச் சொன்னான்?

— பேரை வெட்டி முடிச்சுட்டேன். தப்பா எதையும் போட்டுடக் கூடாதேன்னு, அவர் பதவி என்னன்னு கேட்டு நான்தாம்மா அங்க போன் பண்ணினேன்.