அபரோரோவின் ஆறு மணி மழை

— அழாதக்கா. நீ அழுதா ஒரு வார்த்தையும் புரியல. ஏற்கனவே கபிரி ரெண்டு விரலால ஒயர அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். அவர் கைய எடுத்தா உன் குரல் போயிடும்.

— நான் பேசுறது இப்ப கேக்குதா, தபேரா?

— கேக்குது, கேக்குது. செத்த ரேடியோவுக்கு இன்னைக்குத்தான் கபிரி உயிர் குடுத்தார், ஆனா ஸ்பீக்கர் பக்கத்த உப்பு தின்னுடுச்சு. மைக் நல்லாத்தான் இருக்கு. அதனால நான் பேசுறது உனக்கு எப்பவும் கேக்கும், நீ பேசுறதுதான் என் புருஷன் மனசு வச்சாத்தான்.

— ரெண்டு மாசம்டி! அபரோரோ, அபரோரோன்னு உங்க தீவு பேரச் சொல்லிக் கூப்ட்டுக் கூப்ட்டு எனக்குத் தொண்டையே போச்சு.

— எனக்கும்தான் போச்சு. கத்துனதால இல்ல.

— என்ன?

— அது கிடக்கட்டும். அங்க தாராவால எல்லாரும் சௌக்கியமா? வானிலை ஆபீஸ்ல உனக்குத் தனி அறை குடுத்துட்டாங்களாமே?

— அறையா? ஒரு மேஜை, ஒரு காத்தாடி. காத்தாடி ஓடாது. சரி சரி, கேளு, குழந்தை பொறந்துச்சா? அத மொதல்ல சொல்லு.

— பொறந்துச்சு. பொண்ணு. தினாய்னு உன் பேரத்தான் வச்சிருக்கோம்.

— ஐயோ என் கண்ணே! என் பேரா? குண்டா இருக்காளா?

— இருந்தா. பொறந்தப்ப நல்லா கொழுக்மொழுக்குன்னு இருந்தா.

— ஏன்டி இழுக்குற? பால் குடிக்கிறாள்ல?

— எனக்குச் சுரந்தாத்தானே குடிப்பா. அது கிடக்கட்டும்க்கா. ஏழு நாட்டுக் கூட்டத்துல இப்ப நீதான் நம்ம நாட்டுக்குப் பேசுறியாமே?

— ஆமா. மாசா மாசம் எல்லாரும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா உக்காருவோம். துவாலு, நவூரு, மார்ஷல், டோக்கலாவ்னு தீவு நாட்டுக்காரங்க எல்லாரும். கடல் எங்க குளுந்திருக்கு, எங்க சுட்டிருக்கு, அடுத்த மூணு மாசம் எவன் தீவுல மழை, எவன் தீவுல வறட்சின்னு பேசி, எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் எழுதுவோம். போன கூட்டத்துல உங்க தீவுக்காக ஒரு பெரிய சண்டையே போட்டேன், தெரியுமா?

— கபிரி, கேட்டீங்களா? நான் சொல்லல? என் அக்கா விடமாட்டான்னு சொல்லல? சொல்லுக்கா, யாரோட சண்ட?

— துவாலுக்காரன் அபிசாலோமா. நல்ல மனுசன்தான், ஆனா விடாக்கண்டன். லா நினா வந்து நடுக்கடல் குளுந்து கிடக்கு, உங்க தெக்குத் தீவெல்லாம் காஞ்சுதான் கிடக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்.

— சரியாத்தானே சொல்றான்.

— என்ன சரி? நான் விடுவேனா? எங்க தீவப் பத்தி எங்களுக்குத் தெரியாதான்னு ஒரே போடா போட்டேன். வாய மூடிட்டான்.

— எனக்குப் புரியல. காஞ்சு கிடக்குன்னு சொன்னவனோட எதுக்குச் சண்ட போட்ட?

— தபேரா, உங்க மழைமானி...

— இரு இரு, நான் மொதல்ல கேட்டுக்கிறேன், அப்புறம் மறந்துடும். நேத்து பொழுது சாயுற நேரத்துல ஒரு வெள்ளைக் கப்பல் வந்துச்சு. செவப்புக் கோடு போட்டது. முதுகுல பெரிய பெரிய பெட்டியா ஏத்தியிருந்துச்சு. பவளப்பாறைக்கு அந்தாண்ட ரொம்பப் பக்கத்துலயே போச்சு. பிள்ளைங்க எல்லாம் கரைக்கு ஓடி ஆடி, பாடி, ஒரே கும்மாளம். கப்பல்காரன் ஹார்ன்கூட அடிச்சான். காலைல பாத்தா காணோம். அது நம்ம தண்ணிக் கப்பல்தானே?

— செவப்புக் கோடா? நல்லாப் பாத்தியா?

— நல்லாப் பாத்தேன். பிள்ளைங்களும் பாத்துச்சு.

— எந்தப் பக்கமா போச்சு?

— அந்தப் பெட்டிதானே கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற மெஷினு? ஏழு நாடும் காசு போட்டு வாங்குனது? வறட்சி வந்தா மொதல்ல காஞ்ச தீவுக்குத்தான் வரும்னு நீதானே சொன்ன? சுத்திக்கிட்டு வடக்குப் பக்கமா நுழையுதோ?

— தபேரா, கெணத்துத் தண்ணி எப்படி இருக்கு?

— கெணறா? அது இப்ப கெணறு இல்லக்கா, கடலுக்கு ஒரு ஓட்டை. சேம்புக் குழியெல்லாம் உப்பு ஏறி அழுகிடுச்சு. ஈரப்பலா இலையெல்லாம் கொட்டிடுச்சு. பிள்ளைங்களுக்கு எளநி குடுத்துக்கிட்டிருந்தோம், இப்ப மரத்துல குரும்பைகூட இல்ல. சர்ச்சு தொட்டில அடிமட்டத்துல கொஞ்சம் கிடக்கு. வீட்டுக்கு ஒரு நாளைக்கு மூணு குவளை. பாஸ்டருக்கும் அதே மூணுதான், எனக்கும் அதே மூணுதான். போன வாரம் தெகினையித்தி வீட்டு ரெண்டு பிள்ளைங்களையும் அடுத்தடுத்துப் பொதச்சோம்.

— ஐயோ! ஐயய்யோ! என்னடி சொல்ற? மழை? மழை பெய்யலையா?

— என்னக்கா கேலியா? ஒரு சொட்டு விழுந்து எத்தன நாளாச்சு.

— விளையாடாத. உங்க மழைமானி தினமும் தானாவே சேட்டிலைட் வழியா கணக்கு அனுப்புது. தினமும் பத்து மில்லிமீட்டர், ஒருநாள்கூடத் தவறல. ரேடியோ செத்தாலும் பரவாயில்ல, டப்பா உயிரோட இருக்கு, தீவு நனைஞ்சுக்கிட்டிருக்குன்னு நானும் நிம்மதியா இருந்தேன்...

— வருதுல்ல? தினமும் வருதுல்ல? அப்பாடா! கபிரி, வருதாம்! அக்காவுக்கு எல்லாமே வந்துச்சாம்! பாஸ்டர் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தார்.

— என்ன வந்துச்சு? என்னடி பண்ணீங்க?

— என்ன பண்ணோம்னா? நீதானே சொல்லிக் குடுத்த? அந்த டப்பாவ நட வந்த அன்னிக்கு, ஊரே கூடி நிக்க, ஒரு குவளை தண்ணிய எடுத்து அதுல ஊத்துன. ‘இங்க விழுந்தா அங்க என் மேஜைல வெளக்கு எரியும், தபேரா. நீ இங்க இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சிடும்’னு சொன்னியே. ஊரே கை தட்டுச்சு.

— அது... டப்பா வேலை செய்யுதான்னு பாக்க...

— ரேடியோ செத்ததும் எல்லாரும் கைய பெசஞ்சுக்கிட்டு நின்னாங்க. எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. அக்கா மேஜைல வெளக்கு எரிஞ்சா நாம கூப்புடுறோம்னு அவளுக்குப் புரியும்னு சொன்னேன். தற்செயலா விழுந்த மழைன்னு நீ நெனச்சிடக் கூடாதுல்ல? அதான் தினமும் அதே குவளை, அதே நேரம். சாயங்கால ஜெபம் முடிஞ்சதும் வீட்டுக்கு வீடு முறை வச்சு ஊத்துறோம். குடிக்கிற தண்ணிதான். ஆனா ஒருத்தரும் முணுமுணுக்கலக்கா.

— ஆறு மணி...

— ஆமா, ஆறு மணி. கண்டுபுடிச்சிட்டல்ல?

— அபிசாலோமா கேட்டான். மழை மணி பாத்துப் பெய்யுமான்னு கேட்டான்டி. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சொன்னேன்... எங்க ஊர் மழைக்கு பக்தி ஜாஸ்தி, ஜெபம் முடிஞ்சதும் பெய்யும்னு சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க.

— நல்லா சொன்னியே! அப்ப அவங்களுக்கும் புரிஞ்சிருக்கும், நாங்கதான் கூப்புடுறோம்னு.

— தபேரா...

— கப்பல் எப்ப கரைக்கு வரும்னு மட்டும் சொல்லு. குட்டி தினாய் அழக்கூட மாட்டேங்குறா. வாயத் தொறக்குறா, சத்தம் வரல. எனக்குப் பயமா இருக்கு.

— நான் ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாளைக்குக் காலைல மறுபடி கூட்டம் இருக்கு. நான் சத்தியம் பண்ணி... அந்தக் கப்பல்... என்ன மன்னிச்சிடுடி, மொதல்ல அதச் சொல்லிடு, மன்னிச்சிட்டேன்னு...

— என்னக்கா ஒளர்ற? உன்ன எதுக்கு மன்னிக்கணும்? ரெண்டு மாசமா உன் பேரச் சொல்லித்தான் இந்த ஊரே உயிரப் பிடிச்சுக்கிட்டிருக்கு. இரு, சர்ச்சுல மணியா தொங்குற காஸ் சிலிண்டரத் தட்டுறாங்க, கேக்குதா? ஜெபம் முடிஞ்சிடுச்சு. இன்னைக்கு எங்க வீட்டு முறை. கபிரிதான் போகணும்.

— வேணாம்! போகச் சொல்லாத! கபிரிய நிறுத்து!

— போய்ட்டு வாங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன்... அக்கா, அவர் கைய எடுத்துட்டார். இனி உன் குரல் எனக்குக் கேக்காது. நான் பேசுறது கேக்கும்ல? கேட்டுக்கிட்டே இரு.

— ஊத்தாதீங்க! தபேரா! அது மழைன்னுதான் எங்களுக்குத் தெரியுது! உங்க தீவுல மழைன்னு நான் சொன்னதாலதான் கப்பல துவாலுல இருக்குற நானுமேயாத் தீவுக்கு அனுப்பிட்டாங்க! உங்களுக்குன்னு கெளம்புன கப்பல்டி அது!

— கபிரி ஓடுறார். பாவம், கால் தள்ளாடுது அவருக்கு.

— நானுமேயாலயும் ஜனங்க நாக்கு வறண்டு நிக்கிறாங்க, என் வாய்ப்பேச்சுக்குக் கப்பல விடமாட்டாங்க! தங்கச்சிக்காகப் பேசுறான்னு சொல்வாங்க! இன்னைக்கு ஒருநாள் டப்பா காஞ்சு கிடக்கணும், அத மட்டும்தான் நம்புவாங்க! கடவுளே, யாராவது அந்த ஒயரப் பிடிங்க!

— உனக்கு ஒரு சந்தோஷமான விஷயம் சொல்லவா? உன் குரலக் கேட்ட சந்தோஷத்துல இன்னைக்கு ரெண்டு குவளை ஊத்தச் சொல்லியிருக்கேன். ஒண்ணு என் பங்கு, ஒண்ணு குட்டி தினாய் பங்கு. கப்பல் சீக்கிரம் வரட்டும்னுதான்.

— தபேரா! தபேரா!

— ஆச்சு, ஊத்திட்டார். இங்கேர்ந்து கைய ஆட்டுறார். அக்கா... வெளக்கு எரியுதா?