தம்பிக்கு ஈரல் தந்த தங்கம்

மதுரைக்குப் போகிற பஸ் காரியாபட்டியில் நின்றபோது என் தம்பி சோலை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இரண்டு பொட்டலம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினான். ஒன்றில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூக்கலாகப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தான். மற்றதில் ஒன்றும் போட வேண்டாம் என்றான். அவனுக்கு உப்பு கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"உப்பில்லாம திங்கறதுக்கு இத ஆட்டுக்குப் போடலாம்ல?" என்றாள் விற்கிறவள்.

"நானும் ஆடுதான்த்தா. வெட்டத்தான் கூட்டிட்டுப் போறாக."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். முன்சீட்டில் இருந்த அவன் மனைவி செல்வலட்சுமி திரும்பி முறைத்தாள். நானும் சிரித்தேன். வெள்ளரி நன்றாக இருந்தது. முந்தின வாரம் சோலையிடம் எடுத்த ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் அன்று ஆஸ்பத்திரியில் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் என்னவென்று பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் நான் நூலகர். பெயர் சுந்தரபாண்டி. குடிப்பதில்லை. காந்தி ஜெயந்தி கிராம சபையில் மதுவிலக்கு உறுதிமொழி வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் வாசிக்க வாசிக்க, கூட்டத்தில் எல்லோரையும் விடச் சத்தமாகத் திருப்பிச் சொல்வது சோலையின் குரலாக இருக்கும். நிற்க முடியாமல் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சொல்வான்.

சோலை லோடு வண்டி ஓட்டினான். பருத்தி, மிளகாய் வற்றல், சமயத்தில் கிடாய். குடித்திருக்கிறானா என்று கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் பல சோதனைகள் இருந்தன. செல்வலட்சுமி வாயை ஊதச் சொல்வாள். அவன் கொய்யா இலையை மென்றுவிட்டு ஊதுவான். கொய்யா வாடை வந்தாலே குடித்திருக்கிறான் என்று அவள் பிறகு தெரிந்துகொண்டாள். எனக்கு அதுவும் தேவையில்லை. குடித்துவிட்டால் அவனுக்கு மரியாதை வந்துவிடும். தெருநாயைக்கூட "வாங்க, அங்கிட்டு வெயிலு, இப்பிடி உக்காருங்க" என்பான். நாயோடு மரியாதையாகப் பேசினால் குவாட்டர். நாய்க்குச் சேலை எடுத்துத் தருகிறேன் என்றால் அதற்கு மேல்.

மதுரை ஆஸ்பத்திரியில் இதைவிடத் துல்லியமாகப் பார்த்தார்கள். ஈரல் சுருங்கிவிட்டது, மாற்று ஈரல் வைத்தால் பிழைப்பான், ஆனால் ஆறு மாதம் சொட்டுக்கூடத் தொடக் கூடாது, நாங்கள் சோதித்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டரம்மா. ஊதுவதில் சில மணி நேரத்துக்கு முன் குடித்தது தெரியும். சிறுநீரில் ஈ.டி.ஜி. என்று ஒன்று பார்ப்பார்கள், அதில் மூன்று நாள் பழையதும் தெரியும். ரத்தத்தில் 'பெத்' என்று ஒன்று. குடித்த சரக்கு உடம்பை விட்டுப் போனாலும் போகிறபோது சிவப்பணுவின் தோலில் ஒரு கொழுப்பாக மாறி ஒட்டிக்கொள்ளுமாம். மூன்று நான்கு வாரம் அது அங்கேயே இருந்து காட்டிக்கொடுக்கும். சோலை கவனமாகக் கேட்டுவிட்டு, "செல்வலட்சுமிக்கு இது தெரியாமப் போச்சே டாக்டரம்மா, கொய்யா மரம் தப்பிச்சிருக்கும்" என்றான்.

அவன் உண்மையிலேயே நிறுத்தினான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மாதா மாதம் பார்த்தார்கள், மாதா மாதம் சுத்தமாக வந்தது.

ஈரல் யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. ஒரு துண்டு போதும், கொடுத்தவருக்கு வளர்ந்துவிடும் என்றார்கள். செல்வலட்சுமிக்குச் சர்க்கரை, ஆகாது. மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எல்லோரும் தரையைப் பார்த்தபோது நான், "நான் இல்லையா, நான் தாரேன்" என்றேன்.

எங்கள் பக்கம் சாப்பிடுகிற நேரத்தில் யார் வாசலில் வந்து நின்றாலும் "வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்போம். வந்தவர் "இருக்கட்டும், இப்பத்தான் ஆச்சு" என்பார். சட்டியில் சோறு இருக்கிறதா என்று இருவருமே பார்ப்பதில்லை. அந்த மாதிரிதான் சொன்னேன். எனக்கு ஐம்பது நெருங்குகிறது, வயதாகிவிட்டது என்று தட்டிவிடுவார்கள் என்று நம்பினேன். அவர்களோ இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ரத்த வகை பொருந்தியது. ஸ்கேன் பொருந்தியது. குடிக்காத மனிதனின் ஈரல் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்டலாம் போலிருக்கிறது என்று ஒரு டாக்டர் பாராட்டினார். பிறகு எங்கே வெட்டுவோம் என்று காட்ட, என் வயிற்றில் நெஞ்சுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோடு எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் வேறு பெரிய காரணம் எதுவும் தேட வேண்டாம். பழைய பகை இல்லை, நிலத் தகராறு இல்லை. ஊருக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் அந்தக் கோடு லேசாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

மறுக்க வழி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆலோசனை சொல்கிற சுமதி என்ற பெண் என்னைத் தனியே உட்காரவைத்து, "அண்ணே, மனசுல இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிருங்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். ஒடம்பு பொருந்தலன்னு நாங்களே சொல்லிக்கிருவோம்" என்றாள். நான், "ஈரல் என்னம்மா, உயிரையே கேட்டாலும் கொடுப்பேன்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவருக்கு நம்மால் கண் கலங்குவது நல்ல அனுபவம். நான் அவசரப்பட்டு அதைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அதற்குள் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. செல்வலட்சுமியின் தம்பி மணிகண்டன் திருச்சுழியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதற்கும் அவனுக்குக் கை நிற்காது. பஸ் நிறுத்தத்தில் பத்தடிக்கு என் முகம். பின்னால் சூரியன், பக்கத்தில் சிங்கம் ஒன்று. 'தம்பிக்கு ஈரல் தந்த தங்கமே' என்று எழுதியிருந்தது.

"இன்னும் தரலையேப்பா" என்றேன்.

"தரப்போறீகள்ல அத்தான். நாள் குறிச்ச பெறகு அடிப்போம்னுதான் இருந்தேன், மனசு பொறுக்கல. சிங்கம் எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அதன்பிறகு டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். நூலகத்துக்கு வராதவர்கள் என்னைப் பார்க்க நூலகத்துக்கு வந்தார்கள். இப்போது போய் உடம்பு பொருந்தவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சிங்கத்தோடு நிற்கிற ஆளுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். பயந்துவிட்டான் என்பார்கள். ஆனால் சோலை தவறிவிட்டான் என்றால் ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். குடிகாரன் குடித்தான் என்பது யாருக்கும் செய்தி இல்லை. நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

எதெல்லாம் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கிற மருந்து, அரிஷ்டம். எல்லாவற்றிலும் மது கலந்திருக்குமாம். "நீயே வாசிண்ணே, ஒனக்குத்தான் வாசிக்க நாக்கு வளையும்" என்றான் சோலை. வாசித்தேன். அரிஷ்டம் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். அந்த யோசனையை அச்சடித்துக் கையில் கொடுத்தது அவர்கள்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அருப்புக்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் சீரகாரிஷ்டம் வாங்கினேன். அதில் இருக்கிற மது காணாது, ரத்தத்தில் பிடிபடாமல் போகலாம் என்று தோன்றியது. பாதியைக் கொட்டினேன். கொட்டிய இடத்தை நிரப்ப வேறொன்று வாங்க, என்னைத் தெரியாத ஊர் என்று நரிக்குடிப் பக்கம் போனேன். டாஸ்மாக் கடைப் படியில் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"ஏலே, இங்க பாருங்கடா, ஐயா சாமி கும்பிட வந்திருக்காக" என்றான் வரிசையில் ஒருவன்.

"என்ன வேணும்?" என்றார் கம்பிக்கு உள்ளே இருந்தவர்.

"பிராந்தி. நல்லதா ஒன்னு."

"நல்லது இங்க கெடையாது. இருக்கறதச் சொல்லுங்க."

"எனக்கில்லை. தம்பிக்கு."

"எல்லாரும் தம்பிக்குத்தான் வாங்குறாக" என்று பின்னால் இருந்தவன் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. திரும்பி வந்தபோது ஒரு செருப்பைக் காணோம்.

பழைய கூட்டாளிகள் கண்ணில் படக் கூடாது என்று சோலை காலையும் மாலையும் நூலகத்துக்கு வந்து பேப்பர் பார்ப்பான். செரிமானத்துக்கு நல்லது, கசாயம் என்று சொல்லி அங்கே வைத்து ஒரு டம்ளர் கொடுத்தேன். முதல் வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்ன கசாயம்ணே இது?"

"சீரகம், ஓமம். கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்."

"இருக்கு" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தான். அதன்பிறகு கேட்கவில்லை. வேளை தவறாமல் வந்து கையை நீட்டினான். செல்வலட்சுமி வாயை ஊதச் சொல்வதை அப்போது நிறுத்தியிருந்தாள். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் சோலை நூலக வாசலில் படுத்திருந்த நாயிடம், "அங்கிட்டுப் போ" என்று சொல்ல வாயெடுத்து, சற்று நின்று, "போங்க" என்றான். பிறகு தானே சிரித்துக்கொண்டான். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்படியே மூன்று வாரம்.

பஸ்ஸில் போன அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த ஈரல் ஒன்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. "சிறுநீர்ல மட்டும் வந்திருந்தா, கை தொடைக்கிற மருந்துல துளி பட்டுருக்கும்னு நெனைப்பேன். ரத்தத்துலயும் வந்திருக்கு. உள்ள போகாம இது வராது. சோலை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டானிக், அரிஷ்டம் ஏதாவது குடிச்சீங்களா? தெரியாமக் குடிச்சிருந்தா அது வேற விஷயம். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பார்த்துட்டு ஆபரேஷனுக்குப் போயிரலாம்."

சோலை என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பிளாஸ்டிக் ஈரலைப் பார்த்தேன். அவன் கை தானாக நீண்டு அதை எடுத்தது. எடை பார்க்கிறவன் மாதிரி ஒருமுறை ஏந்திப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான்.

"அதெல்லாம் இல்ல டாக்டரம்மா. சரக்குதான். நாக்கு கேக்கல."

செல்வலட்சுமி அவனைச் செருப்பால் அடித்தாள். "பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியேய்யா. பெரியத்தான் ஒடம்பக் கிழிச்சுத் தாரேன்னு நிக்காக, ஒனக்கு வெக்கமா இல்ல?" சுமதி ஓடிவந்து பிடித்தாள். என்னைப் பார்த்து, "மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். பரவாயில்லை என்றேன்.

இன்னும் ஆறு மாதம் சுத்தமாக இருந்தால் மறுபடி பார்ப்போம் என்று ஆபரேஷன் பட்டியலில் இருந்து அவனை எடுத்தார்கள். தள்ளிப்போகும் என்றுதான் நானும் நினைத்தேனே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாள் அவன் நூலகத்துக்கு வந்தான். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

"கசாயம் மிச்சம் இருக்காண்ணே?"

"கொட்டிட்டேன்."

"நல்ல பிராந்திண்ணே. வீணாப் போச்சே" என்றான். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வேண்டாம்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிருந்தா போதுமேண்ணே. நானே வேற என்னத்தையாச்சும் சொல்லித் தட்டிவிட்டிருப்பேன்ல" என்றான். அவனுக்கு எதையும் வேடிக்கையாகப் பேசித்தான் பழக்கம்.

அதன்பிறகு அவன் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. மாசி மாதம் ரத்தமாக வாந்தி எடுத்து, அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் வண்டியிலேயே போய்விட்டான். மணிகண்டன் கண்ணீர் அஞ்சலிக்கு ஃப்ளெக்ஸ் அடித்தான். அதில் சோலை முகத்தைவிட என் முகம் சற்றுப் பெரிதாக விழுந்துவிட்டது. செல்வலட்சுமி அழுதபோதும் அவனைத் திட்டித்தான் அழுதாள். இன்றைக்கும் யார் கேட்டாலும், பெரியத்தான் கொடுக்க நின்றார்கள், இவர்தான் வாயைக் கட்டவில்லை என்றே சொல்கிறாள். நான் திருத்துவதில்லை. அவன் விவரம் தெரிந்தவன். தன் வாயால், டாக்டர் முன்னால், மனைவி முன்னால் ஒப்புக்கொண்டான். அரிஷ்டத்தில் பிராந்தி கலந்தது நான், ஊற்றிக் கொடுத்தது நான். அதை மறுக்கவில்லை. ஆனால் ஒப்புக்கொண்டவன் ஒருவன் இருக்கும்போது இன்னொருவன் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஃப்ளெக்ஸைக் கழற்றிக் கொண்டுவந்து செல்வலட்சுமி ஆட்டுக் கொட்டகைக்கு மேல் போட்டிருக்கிறாள். சிங்கம் வெளுத்துவிட்டது. எழுத்து அப்படியே இருக்கிறது.

இப்போது யாராவது கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடுவேன். அதற்காகவே உடம்பை நல்லபடியாக வைத்திருக்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதமும் பார்த்தேன். என் ரத்தத்தில் மதுவின் அடையாளம் எதுவும் இல்லை.