மருந்து ஒட்டாத புரதம்

உங்கள் பொலிஸ் நிலையத்துப் பிளேன்டீ நன்றாக இருந்தது, சேர். எங்கள் ஆய்வுகூடத்தில் கிடைப்பது வெறும் சாயத் தண்ணீர்.

ஐஸ் பெட்டியைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன். என் பெயர் விஜயகலா. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். இப்போது கொழும்பில், மூளைப் புரதங்களின் வடிவத்தை ஆராயும் குழுவொன்றில் வேலை. மூளைக் கலத்தின் சவ்வில் சின்னச் சின்னக் கதவுகள் போலப் புரதங்கள் இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் அதில் ஒன்று சரியாக மூடுவதில்லை. அதனால் வலிப்பு வருகிறது. என் தம்பி சசி, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வலிப்பு வந்து விழுந்து, ஒரு சாண் தண்ணீரில் மூழ்கிச் செத்தான். அவனுக்காகத்தான் இந்தப் படிப்பையே படித்தேன்.

வெளிநாட்டு நிதியில்தான் எங்கள் ஆய்வு ஓடுகிறது. போன வருடம் அதை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். ஆய்வுகூடத்தில் வளர்த்த புரதத்தின் படம் போதாதாம். நோயாளியின் மூளையிலிருந்து எடுத்தது வேண்டும், அதுவும் மருந்து ஒட்டாததாக. மாத்திரை போடுகிறவர்களின் புரதத்தில் மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையான வடிவம் தெரியாது. அவர்கள் கேட்டது நியாயம்தான்.

மருதாயி சித்தி, என் அம்மாவின் தங்கை, தன் மூளையைத் தருவதாக முன்பே சம்மதித்திருந்தாள். “செத்த பெறகு எனக்கெதுக்கு புள்ள? சசிக்கு வந்தது இன்னொரு புள்ளைக்கு வராம இருந்தாச் சரி” என்றாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவளாகத் தந்ததுதான்.

எங்கள் தோட்டத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால், திருவிழா முடியும்வரை அந்த வீட்டார் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கரவனெல்ல கிளினிக்குக்கும் போக மாட்டார்கள். அதனால் வருடா வருடம் சித்திக்கும் அவள் மகள் இலட்சுமிக்கும் நான்தான் மாத்திரை எடுத்துக்கொண்டு போவேன். போன வருடம் இலட்சுமியின் பொட்டலத்தை மட்டும் கொடுத்தேன்.

“ஒங்களுக்கு இன்னும் வரலயாம் சித்தி. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

“வுடு புள்ள. கையில காப்பு கெடக்கு, ஆத்தா பாத்துக்குவா. நீ சாப்ட்டியா?”

சாப்பிட்டேன். பலாக்காய்க் கறி வைத்திருந்தாள்.

தன்னுடையதில் பாதியை அம்மாவுக்குத் தரட்டுமா என்று இலட்சுமி கேட்டாள். அளவு வேறு, மாற்றிப் போடக் கூடாது என்றேன். படித்தவள் சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்பார்கள்.

மூளையை வைக்கும் ஐஸ் பெட்டியை முன்கூட்டியே வரவழைத்தேன். எங்கள் சாரதி றம்ஸீன் அதை இறக்கி வைத்துவிட்டு, “யாரும் மௌத்தாகல்லயே மிஸ், இது எதுக்கு?” என்றான். மூளை சூடு தாங்காது, ஆயத்தமாக இருப்பது நல்லது என்றேன்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் படித்த படிப்புக்கு அவமானம். சித்திக்கு வலிப்பு கோயில் வாசலில் வந்தது. சாமி வந்துவிட்டதென்று சிலர் கும்பிட்டார்கள், நெற்றியில் திருநீறு பூசினார்கள். இலட்சுமிக்குத்தான் விளங்கியது.

“அக்கா, இது சாமி இல்லக்கா. லொறியக் கூப்புடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்.”

“காப்போட எல்லை தாண்டலாமா?” என்று நான்தான் கேட்டேன். எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் கேட்டதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

வலிப்பு நிற்கவில்லை. பிறகு மூச்சு நின்றது. ஆத்தா கூப்பிட்டுக்கொண்டாள் என்று சனம் பேசிக்கொண்டது. எங்கள் ஆய்வுக் குழுவின் வைத்தியர் வந்து எடுக்க வேண்டியதை எடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை. விரல்கள் மட்டும் மரத்துப்போயிருந்தன. ஐஸைத் தொட்டதால் இருக்கும்.

படம் அருமையாக வந்தது, சேர். எங்கள் குடும்பத்துக் கதவைப் பெரிய திரையில் பார்த்தேன். எங்கே இடறுகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. நிதியும் நீண்டது.

இப்போது, ஒரே ஒரு மூளையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். பெட்டி மறுபடியும் வந்ததும் றம்ஸீன் நேரே உங்களிடம் வந்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆம், மருதாயி சித்தியைக் கொன்றது நான்தான். இலட்சுமி பிழைக்க வேண்டும் என்றுதான் செய்தேன். சசிக்குப் பிறகு எனக்கு அவளை விட்டால் யாருமில்லை. இந்த வருடம் தன் அம்மாவின் நேர்த்திக்காக அவளும் காப்புக் கட்டியிருக்கிறாள்.

அவளுடைய மாத்திரைப் பொட்டலம் என் கைப்பையில்தான் இருக்கிறது. போன கிழமையே கொடுத்திருக்க வேண்டும், சேர். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன்.